தீவுக்கு 'ஒச்ச்': ஒரு ஃபாரோ சொல்லின் வேரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளின் மொழியில் தீவை 'ஒச்ச்' என்கிறார்கள். சுவீடன்காரர்கள் அதை ஒற்றை உயிரொலியில் முடித்துவிடுவார்கள். 'எ' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வரும் ஒலி அது. காதில் விழும்போது இரண்டுக்கும் ஒட்டே தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்', 'ஐல்' இரண்டையும் பாருங்கள். ஒலி பொருந்துகிறது, எழுத்து பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. உறவு மட்டும் இல்லை. முன்னது ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் முதலியவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் பிறந்தது. பின்னது லத்தீன் 'இன்சுலா' பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. 'ஐலண்ட்' என்ற சொல்லில் எழுதப்பட்டும் ஒலிக்காமல் கிடக்கும் எஸ், 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் 'ஐல்' என்பதைப் பார்த்து எழுதியவர்கள் சொருகிய எழுத்து.

ஒலி ஒத்திருந்தால் உறவு, ஒத்திராவிட்டால் உறவில்லை என்று சொல்லாராய்ச்சி பேசுவோர் பலர். அந்த அளவுகோல் இரண்டு பக்கமும் தவறும். அதற்குப் பதிலாக எது அளவுகோல் என்பதை 'ஒச்ச்' என்ற ஒரே சொல்லை வைத்து விளக்குவதுதான் இக்கட்டுரை. பிறமொழிச் சொற்களை அவற்றின் ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள இடைவெளி முக்கியமாகும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் சில கலைச்சொற்கள்

ஒரு சொல் எந்த வடிவத்திலிருந்து, எந்தெந்த மாற்றங்கள் வழியாக இன்றைய நிலைக்கு வந்தது என்று காட்டுவது சொற்பிறப்பியல். அகராதியில் இன்றைய பொருள் பார்ப்பது வேறு வேலை. ஒரே மூலச் சொல்லிலிருந்து வெவ்வேறு மொழிகளில் பிரிந்து வளர்ந்த சொற்களை இனச்சொற்கள் என்போம். ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது கடன்சொல். ஒரு மொழியில் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சூழலில் இருந்த ஓர் ஒலி எல்லாச் சொற்களிலும் ஒரே மாதிரி மாறுவதற்கு ஒலி விதி என்று பெயர். இந்தத் துறை முழுக்க நிற்பது இந்தக் கடைசிச் சொல்லின் மேல்தான்.

சான்றுகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

ஃபாரோ தீவுகள் வட அட்லாண்டிக்கில், ஸ்காட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள 18 தீவுகள். மக்கள் சுமார் 54,000 பேர். டென்மார்க் முடியரசுக்குள் 1948 முதல் தன்னாட்சி. 9-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய, ஸ்காண்டிநேவியாவைச் சேர்ந்த நோர்ஸ் மக்களின் பேச்சிலிருந்து வளர்ந்ததே ஃபாரோ மொழி. அந்த மூதாதையைப் பழைய நோர்ஸ் என்கிறோம். ஐஸ்லாந்து மொழியும் நார்வே மொழியும் அதன் மற்றப் பிள்ளைகள்.

தீவுகளிலிருந்து கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் 1298-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஆட்டுச் சாசனம்'. ஆடு வளர்ப்பு தொடர்பான சட்டம் அது. பிறகு நீண்ட வெற்றிடம். 16-ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் தேவாலயமும் நிர்வாகமும் டேனிஷ் மொழிக்குப் போயின. ஃபாரோ மொழி பேச்சிலும் பாட்டிலும் மட்டும் உயிரோடு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்வாபோ என்பவர் சொற்களையும் கதைப்பாடல்களையும் காதில் விழுந்தபடியே எழுதி வைத்தார். 1846-இல் ஹாமர்ஸ்ஹைம்ப் என்ற பாதிரியார் வேறு வழியில் போனார். பழைய நோர்ஸ் எழுத்தை ஒட்டிய எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். இன்று நடைமுறையில் இருப்பது அதன் வழிவந்ததே.

தொடக்கநிலையாளர் வழுக்கும் முதல் இடம் இது. ஃபாரோ எழுத்து பழமையானதுபோல் தோன்றும், ஆனால் அது பழைய மொழியைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட தோற்றம். எழுத்தில் உள்ள ஓர் உருவம் அங்கே பழங்காலத்திலிருந்து தொடர்ந்து ஒலித்தது என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்வாபோவின் கரடுமுரடான எழுத்துதான் ஒலிப்பு ஆராய்ச்சிக்கு அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம்.

நம் சொல்லின் எழுத்துவடிவத்தில் ஐந்து ரோமன் எழுத்துகள்: ஓ, வொய், ஜி, ஜி, ஜே. ஒலிப்பில் 'ஒச்ச்'. பன்மை 'ஒச்சர்'. பழைய நோர்ஸில் ஒருமை 'எய்', பன்மை 'எய்யர்'. 'எய்யர்' எப்படி 'ஒச்சர்' ஆனது என்பதே நம் கேள்வி.

உடம்படுமெய் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

'மணி' யோடு 'அடித்தான்' சேர்ந்தால் 'மணியடித்தான்'. 'பூ' வோடு 'அழகு' சேர்ந்தால் 'பூவழகு'. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நாக்கு தடுமாறும். இடையில் ஒரு மெய்யை வைத்துக்கொள்கிறோம். எந்த மெய் வரும் என்பதும் தற்செயல் இல்லை. இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம், மற்ற உயிர்களின் பின் வகரம் என்று நன்னூல் விதி சொல்கிறது. ஏகாரத்துக்கு மட்டும் இரண்டும். இதன் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. 'இ' சொல்லும்போது நாக்கு ஏற்கெனவே யகரத்துக்கு அருகில் நிற்கிறது. 'உ', 'ஊ' சொல்லும்போது உதடு குவிந்து வகரத்துக்குத் தயாராக இருக்கிறது.

ஃபாரோ மொழியிலும் இதே தடுமாற்றம், இதே தீர்வு, ஏறக்குறைய இதே பங்கீடு. ஈ போன்ற உயிர்களுக்கும், 'ய்' என்று முடியும் கூட்டுயிர்களுக்கும் (ஐ, ஔ போல இரண்டு ஒலி சேர்ந்த உயிர்கள்) பின் யகரம். ஓ, ஊ ஆகியவற்றின் பின் வகரம். வேறுபாடு அடுத்த படியில்தான். தமிழில் அந்த மெய் இடையினமாகவே நின்றுவிட்டது. ஃபாரோ மொழியில் அது வல்லினமாக இறுகியது.

வன்மையாக்கம்: உண்மையில் நடந்தது இதுதான்

மொழியியலாளர்கள் இந்த மாற்றத்துக்கு வைத்த பெயர் 'ஷெர்பிங்'. கூராக்குதல் என்று அதற்குப் பொருள். தமிழில் வன்மையாக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளைகளாக அது நடந்தது. யகரம் இறுகி 'ச்ச்' ஆயிற்று. வகரத்துக்கு முன் ஒரு ககரம் முளைத்து 'க்வ்' ஆயிற்று.

யகரக் கிளையை எடுத்துக்கொள்வோம். பழைய நோர்ஸில் ஒன்பது 'நீயு', பத்து 'டீயு'. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்கிறார்கள். ஃபாரோவில் ஒன்பது 'நுச்சு', பத்து 'டுச்சு'. இறப்பது என்ற வினை பழைய நோர்ஸில் 'டெய்யா', ஃபாரோவில் 'டொச்சா'. வைக்கோல் 'ஹெய்' என்றிருந்தது; இன்று 'ஹொச்ச்'. ஆக 'எய்யர்', 'ஒச்சர்' ஆனது தனி விபத்து இல்லை. ஒரு கூட்டமே சேர்ந்து நகர்ந்திருக்கிறது.

உயிர் ஏன் மாறியது? இரண்டு நிகழ்வுகள். பழைய 'எய்' ஃபாரோவில் 'ஒய்' ஆயிற்று. பழைய 'ஈ' யும் 'உய்' என்ற கூட்டுயிராக உடைந்தது. பிறகு பின்னால் 'ச்ச்' வந்த இடங்களில் கூட்டுயிரின் 'ய்' தேய்ந்து மறைந்தது. அதனால்தான் எழுத்தில் வொய் இருந்தும் வாயில் இல்லை. 'ஒய்' இலிருந்து 'ஒச்ச்', 'உய்' இலிருந்து 'உச்ச்'. 'டீயு' என்பது 'டுச்சு' ஆன வழி இப்போது தெரியும்.

வகரக் கிளையில் படகு வலித்தல் 'ரோஆ' என்றிருந்தது 'ரெக்வா' ஆயிற்று. குடியிருத்தல் 'பூஆ', 'பிக்வா' ஆயிற்று. கடல் இன்று 'ஷெக்வுர்', பசு 'கிக்வ்'. இங்கே உயிர்கள் வாயின் முன்பக்கம் நகர்ந்து 'எ', 'இ' ஆகிவிட்டன. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஓர் ஆண் பெயர். விவிலிய யோவானின் நோர்ஸ் வடிவம் 'யோஹன்'. உயிர்களுக்கு நடுவே ஹகரம் தேய்ந்து 'யோஅன்' ஆனது. உடனே வகரம் வந்தது, இறுகியது, பெயர் 'யெக்வன்' ஆகிவிட்டது. தீவுகளில் இன்றும் பரவலாக வைக்கப்படும் பெயர் அது. ஒலி விதி பொருளைப் பார்ப்பதில்லை, புனிதத்தையும் பார்ப்பதில்லை. வைக்கோலுக்கும் அப்போஸ்தலருக்கும் ஒரே சட்டம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உயிரும் உயிரும் சந்தித்த இடத்தில் ய் அல்லது வ் வந்தது, அது இறுகிச் ச்ச் அல்லது க்வ் ஆனது, முன்னிருந்த உயிரும் உடன் மாறியது.

விதி வேலை செய்யாத இடங்களைத் தேடுவது ஏன் அவசியம்?

ஒரு விதிக்கு ஆதரவாகப் பத்துச் சொற்களை எவரும் அடுக்கிவிடலாம். உண்மையான சோதனை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சூழல் இல்லாத இடத்தில் மாற்றமும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இருக்கிறதா? 'புதிய' என்ற பெயரடையை எடுங்கள். ஆண்பாலில் 'நுச்சுர்'. அஃறிணைப் பாலில் 'நுட்ட்'. இரண்டாவதில் உயிருக்குப் பின் நேராக டகரம் வந்துவிடுவதால் யகரத்துக்கு இடமே இல்லை. ஆகவே 'ச்ச்' உம் இல்லை. பசு ஒருமையில் 'கிக்வ்', பன்மையில் 'குய்ர்'. பன்மையில் ரகரம் உடனே ஒட்டிக்கொள்கிறது. இறப்பது 'டொச்சா', ஆனால் 'இறக்கிறான்' என்பதில் வினை 'டொய்ர்'. ஒரே சொல்லின் உறுப்புகளுக்குள்ளேயே விதி சூழலைப் பார்த்து வந்தும் போயும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒழுங்கைத் தற்செயல் ஒலி ஒற்றுமையால் தர முடியாது.

கவனமான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். பன்மை 'எய்யர்' இல் உயிர் பின்னால் இருக்கிறது, சரி. ஒருமை 'எய்' தனியே நிற்கிறதே, அது எப்படி 'ஒச்ச்' ஆனது? பொதுவாகத் தரப்படும் விளக்கம் ஒப்புமையாக்கம்: ஒரு சொல்லின் சில வடிவங்கள் மாறிவிட்டால், பேசுவோர் மற்ற வடிவங்களையும் அதன்படி இழுத்துக்கொள்வது. பன்மையிலும் வேற்றுமை வடிவங்களிலும் 'ஒச்ச-' நிலைத்தபின் ஒருமைக்கும் அதுவே பரவியது. தனியே நிற்கும் 'ஹொச்ச்', 'கிக்வ்' ஆகியவற்றுக்கும் இதே விளக்கம். ஒப்புமையாக்கம் ஆபத்தான கருவியும்கூட. விதிக்கு அடங்காத எதையும் அதன் தலையில் கட்டிவிடலாம் என்ற ஆசை வரும். எந்த வடிவத்தைப் பார்த்து எது மாறியது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அது செல்லும்.

அடுத்தது காலவரிசை. 'காலணி', 'காடு' என்ற இரண்டு ஃபாரோ சொற்களை எழுத்தில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒலிப்பில் காலணி 'ஸ்கெக்வுர்', காடு 'ஸ்கோவுர்'. இரண்டிலும் ஓகாரத்துக்குப் பின் வகரம் வருகிறது; ஒன்றில் இறுகியது, இன்னொன்றில் இறுகவில்லை. விதி பொய்த்துவிட்டதா? பழைய நோர்ஸைப் பார்த்தால் விடை கிடைக்கும். காலணி அங்கே 'ஸ்கோர்': ஓகாரத்துக்குப் பின் அடைக்கும் மெய் எதுவும் இல்லாத அடிச்சொல். காடு 'ஸ்கோக்ர்': நடுவே ககரம். வன்மையாக்கம் நடந்த காலத்தில் காட்டின் ககரம் இன்னும் இருந்தது. ஆகவே அங்கே உடம்படுமெய்க்குத் தேவை இல்லை. விதி ஓய்ந்த பிறகே அந்தக் ககரம் மறைந்தது. அப்போது வந்த வகரத்தை இறுக்க ஆள் இல்லை.

இதேபோல் 'பக்கம்' என்பது எழுத்தில் நடுவே ஒரு மெய்யோடு இருக்கும், ஒலிப்பில் 'சுய்யா'. அந்த மெய் பழைய நோர்ஸில் 'அது' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் தகரம் போன்றது. அதுவும் தாமதமாகவே மறைந்தது. அதனால் 'சுச்சா' ஆகவில்லை. இப்படி, ஆண்டுக் கணக்குத் தெரியாவிட்டாலும் எது முன், எது பின் என்று மாற்றங்களை வரிசைப்படுத்த முடிகிறது.

'சாண்டொய்' என்ற தீவின் பெயரில் 'ச்ச்' எங்கே?

வரைபடத்தை எடுத்தால் தீவுப் பெயர்கள் வரிசையாக 'ஒய்' என்று முடியும். 'சாண்டொய்' மணல் தீவு, 'சூரொய்' தென் தீவு, 'ஃபுக்லொய்' பறவைத் தீவு, 'ஸ்வுய்னொய்' பன்றித் தீவு, 'ஸ்ட்ரெய்மொய்' நீரோட்டத் தீவு. தீவு 'ஒச்ச்' என்றால் இவை 'சாண்டொச்ச்' என்றல்லவா இருக்க வேண்டும்?

ஃபாரோ மொழியில் சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம். வன்மையாக்கம் அழுத்தமுள்ள அசையில் நடந்த மாற்றம். தனிச் சொல்லாக நிற்கும்போது தீவுக்கு முழு அழுத்தம் கிடைத்தது. இடப்பெயரின் வாலாக ஒட்டியபோது கிடைக்கவில்லை. ஆகவே வால் பழைய நிலையிலேயே தங்கிவிட்டது. இடப்பெயர்கள் ஆராய்ச்சிக்கு மதிப்புள்ளவை என்பது இதனால்தான்: தனிச்சொல் இழந்ததைப் பெயர்கள் சில நேரம் காத்து வைக்கும்.

பெயர்கள் ஏமாற்றவும் செய்யும். இரண்டாவது பெரிய தீவான 'எஸ்துரொய்' என்ற பெயரை எழுத்தில் பார்த்தால் இ, வொய் என்று தொடங்கும். பழைய நோர்ஸில் தீவுக்குரிய எழுத்துகளும் அவையே. ஐஸ்லாந்து மொழி தெரிந்தவர் பெயரின் தலையிலேயே தீவு இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடும். தவறு. பழைய 'எய்' ஃபாரோவில் 'ஒய்' ஆகிவிட்டது என்று பார்த்தோம். காலியான அந்த இடத்துக்கு வேறொன்று வந்து அமர்ந்தது: பழைய 'அவ்' என்ற கூட்டுயிர். பழைய நோர்ஸில் கிழக்கு 'அவ்ஸ்த்ர்'. அதுதான் இங்கே தலையில் உள்ள 'எஸ்துர்'. நீரோட்டம் 'ஸ்ட்ரவ்ம்ர்', 'ஸ்ட்ரெய்மொய்' இல் 'ஸ்ட்ரெய்ம்' ஆக இருக்கிறது. ஆக கிழக்குத் தீவின் பெயரில் தீவு கடைசியில் மட்டும்தான். இரு மொழிகளில் ஒரே எழுத்து இருந்தால் ஒரே ஒலி வரலாறு என்று கொள்வதால் நேரும் பிழை இது. நானறிந்த வரை மிக அதிகமாக நிகழ்வதும் இதுவே.

இன்னும் கீழே: தீவும் தண்ணீரும்

பழைய நோர்ஸ் 'எய்' யோடு வேர் நின்றுவிடுவதில்லை. டேனிஷ், சுவீடிஷ் மொழிகளில் ஒற்றை உயிராகத் தேய்ந்த சொல்லும், பழைய ஆங்கிலத்தின் 'ஈய்' உம் அதன் இனச்சொற்கள். 'ஈய்' உடன் நிலம் சேர்ந்ததே 'ஐலண்ட்'. சுவீடனின் 'ஓலண்ட்' தீவின் பெயரும் அதே இரண்டு உறுப்புகளால் ஆனது. ஜெர்மன் மொழியில் 'அவ்' என்பது ஆற்றோரத்துப் புல்வெளி. ஜெர்மன் பேசுவோர் இன்று தீவுக்குச் சொல்லும் 'இன்செல்' லத்தீனிலிருந்து பெற்ற கடன்.

இவை எல்லாவற்றையும் பின்னோக்கிச் செலுத்தினால் கிடைப்பது '*அவ்யோ' என்ற மூல ஜெர்மானிய வடிவம். முன்னால் உள்ள நட்சத்திரக் குறிக்கு ஒரு பொருள் உண்டு: இந்த வடிவம் எந்த ஏட்டிலும் நேரடியாகக் கிடைக்கவில்லை, ஒலி விதிகளைக் கொண்டு மீட்டமைத்தது. அதில் உள்ள யகரம் முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்தது; 'அவ்' என்பது 'எய்' ஆனது அப்படித்தான்.

மீட்டமைத்த வடிவம் வெறும் ஊகமா? ஒரு சாட்சி இருக்கிறது. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியரான மூத்த பிளினி வடக்கில் உள்ள ஒரு பெரிய தீவின் பெயரை எழுதிவைத்தார். ஸ்காண்டிநேவியா என்ற இன்றைய பெயர் அங்கிருந்து வந்தது. அதன் ஈற்றில் உள்ள 'அவியா' நம் '*அவ்யோ' வேதான். அந்தப் பெயரே நோர்ஸில் வளர்ந்து 'ஸ்கானெய்' ஆயிற்று, ஈற்றில் 'எய்'. விதிகள் எதைக் கேட்டனவோ அதையே ரோமானியர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

அதற்கும் கீழே தண்ணீர் இருக்கிறது. '*அவ்யோ' என்றால் நீரைச் சேர்ந்தது, நீரால் சூழப்பட்ட நிலம். அதன் அடியில் உள்ளது நீரைக் குறிக்கும் '*அஹ்வோ'. இன்று வழக்கில் இல்லாத பழைய ஜெர்மானிய மொழியான காதிக்கில் 'அஹ்வா' ஆறு. லத்தீனில் 'அக்வா' தண்ணீர். பழைய நோர்ஸில் அது தேய்ந்து வெறும் 'ஆ' ஆனது, பொருள் ஓடை அல்லது சிற்றாறு. ஃபாரோவில் இன்றும் எழுத்தில் அதே ஒற்றை உயிர், ஒலிப்பில் 'ஒஆ'. ஆக ஃபாரோவின் ஓடையும் தீவும் ஒரே வேரில் பிறந்தவை; லத்தீன் தண்ணீர் அவற்றின் தூரத்து உறவு.

லத்தீன் ககரம் ஜெர்மானியத்தில் ஹகரமாக இருக்கலாமா? இருக்கலாம், அதற்கும் விதி உண்டு. லத்தீனில் நூறு 'கெந்தும்', ஃபாரோவில் தொடக்கம் 'ஹுன்ட்-'. லத்தீனில் கொம்பு 'கோர்னு', இங்கே 'ஹோர்ன்' என்று எழுதுகிறார்கள். நாய் 'கனிஸ்', இங்கே 'ஹுன்டுர்'. இந்த விதி கையில் இருந்தால் ஒரு புகழ்பெற்ற பொறியிலிருந்து தப்பலாம். உடைமையைக் குறிக்கும் வினை லத்தீனில் 'ஹபேரே', ஃபாரோவில் எழுத்தில் 'ஹவா'. பொருள் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஜெர்மானிய ஹகரத்துக்கு எதிரே லத்தீனில் ககரம் இருக்க வேண்டும். ஆகவே 'ஹவா' வின் உண்மையான இனம் லத்தீன் 'கபேரே', பிடித்தல். லத்தீன் ஹகரத்துக்கு எதிரே ஜெர்மானியத்தில் 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம்தான் வரும்: அந்நியன் 'ஹோஸ்திஸ்', நோர்ஸில் விருந்தாளி 'கெஸ்தர்'. இவ்வளவு ஒத்திருப்பதாலேயே 'ஹபேரே' சந்தேகத்துக்கு உரியதாகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: இனச்சொற்களில் ஒலிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, ஒரே மாதிரி வேறுபட வேண்டும்.

வேர் தெளிவாகாத இடம்: ஃபாரோ என்ற பெயரே

தீவுக்கூட்டத்தின் சொந்தப் பெயர் 'ஃபெர்யர்'. பழைய நோர்ஸில் 'ஃபேரெய்யர்'. பின்பகுதி 'தீவுகள்' என்பதில் ஐயமில்லை. ஆகவே 'ஃபாரோ தீவுகள்' என்னும்போது தீவை இரண்டு முறை சொல்லிவிடுகிறோம். இருக்கட்டும், வழக்கு வழக்குதான்.

முன்பகுதிக்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள் ஆடு. டேனிஷ் மொழியில் ஆடு 'ஃபோர்'. 825-இல் எழுதிய டிக்குயில் என்ற ஐரிஷ் துறவி, வடகடலில் கணக்கற்ற ஆடுகள் நிறைந்த தீவுகளைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். அவை ஃபாரோவாக இருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. சிக்கல் ஒன்று உண்டு. ஃபாரோ மக்கள் ஆட்டுக்கு அன்றாடம் சொல்லும் சொல் 'செய்யுர்'. அது பழைய நோர்ஸின் வேறொரு சொல்லின் வாரிசு. நார்வே, ஐஸ்லாந்து, ஃபாரோ அடங்கிய மேற்கு நோர்ஸ் பகுதியில் ஆட்டைக் குறிக்கும் 'ஃபேர்' அரிது. அதனால் சிலர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் கெய்லிக் மொழியில் நிலத்தைக் குறிக்கும் 'ஃபெரன்' பக்கம் போயிருக்கிறார்கள். ஆட்டு விளக்கமே வலுவானது என்று எனக்கும் படுகிறது. ஆனால் அதற்கு ஆதாரமாகத் தீவுகளின் சின்னத்தில் உள்ள ஆட்டுக்கடாவைக் காட்டுவது செல்லாது. பெயரின் பொருள் ஆடு என்று நம்பியவர்கள் பிறகு வரைந்ததாகவும் அது இருக்கலாம்.

கெய்லிக் பெயர் இங்கே எழுவது காற்றிலிருந்து இல்லை. கோடை மேய்ச்சலிடத்தைக் குறிக்கும் கெய்லிக் 'ஆரி' என்ற சொல் ஃபாரோவில் இடப்பெயர்களாக வேரூன்றியிருக்கிறது. தலைநகர் டோர்ஷாவ்னை ஒட்டிய 'ஆர்ஜிர்' அதில் ஒன்று.

வேறொரு சொல்லை நீங்களே சோதிப்பதாக இருந்தால்

முதலில் அச்சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேடுங்கள், ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய வடிவங்கள் இரண்டை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அடுத்து அடிச்சொல்லையும் விகுதியையும் பிரியுங்கள். 'நுச்சுர்' இல் உள்ள 'உர்' ஆண்பால் விகுதி. அதையும் சேர்த்து ஒப்பிட்டவர் வழி தவறுவார். பிறகு சகோதர மொழி வடிவங்களைத் திரட்டி, ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனியே 'இதே மாற்றம் வேறு எந்தச் சொற்களில் நடந்தது?' என்று கேளுங்கள். குறைந்தது மூன்று நான்கு சொற்களாவது கிடைக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக உண்டாக்கப்பட்ட விதி விதி ஆகாது.

அதன்பின் மாறாமல் நின்ற சொற்களைத் தேடுங்கள்; காடும் காலணியும் போல அவை காரணத்தோடு நிற்கின்றனவா என்று பாருங்கள். கடன்சொல்லா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விலக்க வேண்டும். கடன்சொல் தான் வந்து சேரும் முன் நடந்த மாற்றங்களைக் காட்டாது; எதிர்பார்த்த மாற்றம் ஒரு சொல்லில் மட்டும் இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். பொருள் மாற்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நீர், நீரோரம், தீவு என்பதுபோல் ஒவ்வொரு படியும் எங்கேனும் சான்றுள்ளதாக இருந்தால் நல்லது. ஒலிப் பாதை உறுதியாகும் முன் பொருளில் தொடங்கினால் எதையும் எதனோடும் இணைத்துவிடலாம்.

சொல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு எச்சரிக்கை வேண்டும். ஓரசைச் சொல் ஒன்று உலகின் ஏதாவது ஒரு மொழியில் ஏறக்குறைய அதே பொருளோடு கிடைத்தே தீரும். 'ஒச்ச்' மாதிரி ஓரசைச் சொல்லை நாம் நம்பியது, அதன் பின்னால் 'நுச்சு', 'டுச்சு', 'டொச்சா', 'ஹொச்ச்' என்று ஒரு வரிசையே நின்றதால்தான்.